சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்: 1941 கிள்ளானும் அதை எழுதிய புத்தகங்களும்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு நூல் வெளியீடு. மலேசிய இந்தியர் வரலாறு பற்றிய புத்தகம் என்பதால் போயிருந்தேன். வழக்கம்போல ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, நான்கு வாழ்த்துரைகள். டத்தோ ஒருவர் உறையைக் கொடுத்து முதல் நூலைப் பெற்றுக்கொண்டார். கைதட்டினோம். புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் பேச்சைக் கேட்காமல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன அங்கிள் தேடுறீங்க?"

"சைக்கிள் கதை இருக்கான்னு பாக்குறேன் தம்பி. கிள்ளான் ஸ்டிரைக்கு."

இருந்தது. அரைப் பக்கம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தவர், "எல்லாரும் இதையேதான் எழுதுறானுங்க" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டார்.

அவர் சொன்னது என்னை விடவில்லை. கையில் இருந்த, நூலகத்தில் கிடைத்த, நண்பர்களிடம் இரவல் வாங்கிய புத்தகங்களை எடுத்து, கிள்ளான் வேலைநிறுத்தம் வரும் இடங்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். பெரியவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் ஏன் அப்படி ஆனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி வரலாற்றுப் பாடத்தை நம்பி வளர்ந்தவர்களில் பலருக்கு இது தெரியாது. எனக்கும் இருபத்திரண்டு வயதுவரை தெரியாது.

1930களில் தோட்டத்துத் தமிழர்களின் நாள் கூலி சென்ட் கணக்கில் பேசப்பட்டது. ஆணுக்கு 50, பெண்ணுக்கு 40 என்பது தரநிலை. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது அது வெட்டப்பட்டது. 1936 இறுதியில் இந்திய அரசு வி.எஸ். சீனிவாச சாஸ்திரியை அனுப்பி நிலைமையைப் பார்த்துவரச் சொன்னது. அவருடைய அறிக்கை தோட்ட முதலாளிகளிடம் ரொம்ப மென்மையாக நடந்துகொண்டது என்று அப்போதே திட்டு வாங்கியது. பழைய கூலி திரும்பியது. ஆனால் 1938இல் ரப்பர் விலை சரிந்ததும் மறுபடி 45, 36 என்று குறைத்தார்கள். இந்த முறை இந்திய அரசு சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில், உதவி பெற்று மலாயாவுக்கு வரும் கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்தது.

இந்தத் தடையை நூல்கள் பொதுவாக ஒரு வரியில் கடந்துபோகின்றன. நான் இதைத்தான் கதையின் திருகாணி என்பேன். ஏனென்றால் அதுவரை துரைமார்களிடம் இருந்த பெரிய ஆயுதம் கப்பல். இங்கே ஒருவன் முறைத்துக்கொண்டால் நாகப்பட்டினத்திலிருந்து இன்னொருவன் வந்து இறங்குவான். 1938க்குப் பிறகு அது இல்லை. அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் போர். ரப்பருக்கும் ஈயத்துக்கும் கிராக்கி ஏறியது. அமெரிக்கா வாங்கிய மலாயா ரப்பர்தான் பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்தது. சீனத் தொழிலாளர்கள் சங்கம் வைத்து, போராடி, கூலியை ஏற்றிக்கொண்டார்கள். பக்கத்து நிரையில் அதே மரத்தை அதே கத்தியால் வெட்டுகிறவனுக்குக் கூடுதல் கூலி என்பது தமிழர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் இந்தச் சூழலில்தான் எழுந்தது. அதன் தலைவர் ஆர்.எச். நாதன். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர், இந்தியாவிலிருந்து வந்து சில ஆண்டுகளே ஆனவர். அவருடன் ஒய்.கே. மேனன். 1941இன் முதல் மாதங்களில் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் நடந்தது. ஏப்ரல் வாக்கில் கூலியில் ஓரளவு உயர்வு கிடைத்தது. அதோடு அடங்கிவிடும் என்று நிர்வாகம் நினைத்தது, அடங்கவில்லை. காந்தி குல்லாய் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள், காங்கிரஸ் கொடியை ஏற்றினார்கள். மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். பிறகு நாடு கடத்தினார்கள். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் கிள்ளானுக்குத் திரண்டு வந்தார்கள், வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டிப் பரவியது. மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை. ராணுவம் வந்தது. வந்தது இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட படை. ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுமார் 300 பேர் கைதானார்கள். அவர்களில் பலர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

ஏழு மாதம் கழித்து டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பான்காரன் இறங்கினான். 1942 ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. அதற்குப் பிறகு சயாம் ரயில்பாதை, இந்திய தேசிய ராணுவம், பஞ்சம். கிள்ளானில் செத்த ஐந்து பேரை நினைக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை.

இப்போது கோரிக்கைப் பட்டியல். ஏறத்தாழ ஒரு டஜன் அம்சங்கள். சீனருக்குச் சமமான கூலி. கொடுமைக்கார உத்தியோகஸ்தர்களை நீக்கித் தமிழ் தெரிந்தவர்களை வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, ஒழுங்கான மருத்துவம். கள்ளுக்கடையை மூட வேண்டும். பேசவும் கூடவும் உரிமை. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி. பெண்கள்மீது ஐரோப்பியரும் 'கறுப்பு ஐரோப்பியரும்' கைவைப்பதை நிறுத்த வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. சங்கம் வைத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது. இவற்றுக்கு நடுவே ஒன்று: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது.

இந்தச் சைக்கிள் கோரிக்கையை எல்லா ஆங்கில நூல்களும் விரும்பி எடுத்துக்கொள்கின்றன. எஸ். அரசரத்தினம் 1970இல் வெளியிட்ட 'இந்தியன்ஸ் இன் மலேசியா அண்ட் சிங்கப்பூர்' தொடங்கி, மைக்கேல் ஸ்டென்சன் 1980இல் எழுதிய வர்க்கமும் இனமும் பற்றிய நூல், அடுத்த ஆண்டு எச்.இ. வில்சன் கிள்ளான் வேலைநிறுத்தங்களை மட்டுமே எடுத்து எழுதிய சிறு நூல், 2015இல் கார்ல் வடிவேலா பெல்லின் 'டிராஜிக் ஆர்ஃபன்ஸ்' என்று வாசிப்பு ஒரே பாதையில்தான் போகிறது. ஸ்டென்சனின் வர்க்கப் பார்வை கூர்மையானது. கூலிச் சண்டைக்குள் மானச் சண்டை இருந்தது என்பதை அவர் அழுத்திச் சொல்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் இந்த விஷயத்தில் நான் முதலில் கையில் கொடுக்கச் சொல்வது அந்த நூலைத்தான். பெல்லின் நூல் அகலமானது, நிறையத் தகவல் உள்ளது. ஆனால் கிள்ளான் பகுதிக்கு வரும்போது முன்னால் எழுதியவர்களைத் தொகுத்துத் தருவதாகவே எனக்குப் பட்டது.

ஏன் ஒரே மாதிரி இருக்கிறது? எல்லாரும் ஒரே கிணற்றில்தான் நீர் இறைக்கிறார்கள். காலனி அலுவலகக் கோப்புகள், உயர் ஆணையரின் கடிதங்கள், தொழிலாளர் இலாகா அறிக்கைகள், ஆங்கிலப் பத்திரிகைகள். வேலைநிறுத்தக்காரன் கேட்டதை எழுதி வைத்தவன் அதை அடக்க வந்த அதிகாரி. ரணஜித் குஹா 1983இல் இந்திய விவசாயிக் கலகங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் இதைத்தான் விளக்கினார்: கலகத்தை அடக்கியவர்களின் மொழி, பிறகு வரும் வரலாற்றாசிரியரின் மொழிக்குள், அவர் கலகக்காரர் பக்கம் நிற்கும்போதும் புகுந்துவிடுகிறது. கிள்ளான் நூல்களில் இதைப் பார்க்கலாம். யார் 'தூண்டினார்கள்', எப்படிப் 'பரவியது', எப்போது 'கட்டுக்குள் வந்தது' என்ற சொற்கள் நோயைப் பற்றிப் பேசுகிறவனுடையவை. பரிவோடு எழுதுகிறவரும் இதே சொற்களில்தான் எழுதுகிறார்.

சைக்கிளுக்குத் திரும்புவோம். நூல்கள் அதை ஒரு சின்னமாக எடுத்துக்கொண்டு, 'சுயமரியாதையின் அடையாளம்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகின்றன. எனக்குத் தோன்றுவது வேறு. கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் அது. லயத்தில் இருக்கிற எல்லாவற்றையும் தோட்டம் கொடுத்திருக்கும். வீடு தோட்டத்தது, தண்ணீர் தோட்டத்தது, கடைக்கணக்கும் தோட்டத்துக்குள்தான். சைக்கிள் ஒன்றுதான் தன்னுடையது. அதில் ஏறினால் தோட்ட எல்லையைத் தாண்டி டவுனுக்குப் போகலாம், பக்கத்துத் தோட்டத்தில் என்ன கூலி என்று கேட்டுவிட்டு வரலாம், பத்திரிகை வாங்கி வந்து படிக்கத் தெரிந்தவனை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லலாம். வேலைநிறுத்தம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனதில் அந்த இரண்டு சக்கரத்துக்குப் பங்கு இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஊகம்தான். ஆனால் சைக்கிளை வெறும் சின்னம் ஆக்காமல் பொருளாகப் பார்த்தால் இப்படிப் பத்துக் கேள்விகள் வரும். என்ன விலை? யாரிடம் கடன் வாங்கினார்கள்? ஒரு லயத்தில் எத்தனை சைக்கிள் இருந்தது? நான் படித்தவற்றில் இந்தக் கேள்விகளுக்கு இடம் இல்லை.

இன்னொரு கோரிக்கை: பெண்கள்மீது கைவைப்பதை நிறுத்த வேண்டும். இதை வாசிக்க எனக்கு உதவியது கிள்ளானைப் பற்றிய புத்தகமே அல்ல. அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட 'ஃப்ளீட்டிங் ஏஜென்சீஸ்'. மலாயாத் தோட்டங்களில் இந்தியக் கூலிப் பெண்களின் சமூக வரலாறு. அண்மையில் நம்மைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த வரலாற்று நூல்களில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

தத்தாவின் வாதம் எளிமையானது, ஆனால் இடக்கானது. ஆவணங்களில் தோட்டத்துப் பெண் இரண்டே வேஷத்தில் வருகிறாள். ஒன்று, பாவம் பாதிக்கப்பட்டவள். இல்லையென்றால், ஒழுக்கம் கெட்டவள், ஒருவனை விட்டு இன்னொருவனோடு போனவள். காலனி அதிகாரிக்கும் இந்தியத் தேசியவாதிக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. தத்தா நீதிமன்ற வழக்குகள், 'பெண்ணைக் கவர்ந்து சென்றான்' என்ற வகைப் புகார்கள் ஆகியவற்றைத் திருப்பிப் போட்டுப் படிக்கிறார். சில கணங்களில் அந்தப் பெண்கள் சட்டத்தையும் அதிகாரியையும் கணவனையும் தங்கள் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டதைக் காட்டுகிறார். அது நிலையான விடுதலை இல்லை, அடுத்த நாளே பறிபோகலாம். தலைப்பிலேயே அவர் அதை 'கணநேர' முகமை என்கிறார். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் பற்றிய பகுதியும் இப்படித்தான் போகிறது. அதை வீர வழிபாடாக ஆக்காமல், தோட்டத்தை விட்டு வெளியேற அவர்களுக்குக் கிடைத்த ஒரு வாசலாகவும் பார்க்கிறது.

இதைப் படித்துவிட்டு 1941இன் பட்டியலுக்குத் திரும்பினால் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. 'எங்கள் பெண்கள்மீது கைவைக்காதே' என்று கேட்டது யார்? ஆண்கள். அது நியாயமான கோரிக்கை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆணுக்கு 50, பெண்ணுக்கு 40 என்ற அந்தப் பத்து சென்ட் வித்தியாசம்? சீனனுக்குச் சமமாகக் கூலி கேட்ட பட்டியலில், ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்குக் கூலி என்ற வரி இல்லை. அந்தக் காலத்தில் உலகத்தில் எங்கே அப்படிக் கேட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டென்சனும் வில்சனும் காட்டும் கிள்ளானில் பெண்கள் எங்கே நின்றார்கள் என்பது தெரியவில்லை என்கிறேன். பாதி பால்வெட்டும் களையெடுப்பும் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் வேலைக்குப் போயிருந்தால் வேலைநிறுத்தமே இல்லை.

தத்தாவின் நூலிலும் எனக்குக் குறை உண்டு. அவரும் பெரும்பாலும் அரசுக் காகிதங்களையும் ஆங்கிலப் பத்திரிகைகளையுமே நம்புகிறார். தமிழ் மூலங்கள் ரொம்பக் குறைவு. வழக்கு மன்றத்தில் ஒரு பெண் பேசியதை மொழிபெயர்ப்பாளர் மாற்றி, எழுத்தர் சுருக்கி, நிருபர் மசாலா போட்டு அச்சிட்ட பிறகு நமக்கு வருகிறது. அந்தப் பெண் என்ன தமிழில் என்ன சொல் சொன்னாள்? 'கவர்ந்து சென்றான்' என்றாளா, 'கூட்டிட்டுப் போனான்' என்றாளா, 'நாந்தான் போனேன்' என்றாளா? இந்த மூன்றுக்கும் இடையில்தான் தத்தாவின் முழு வாதமும் நிற்கிறது.

'கறுப்பு ஐரோப்பியர்' என்ற சொல்லையும் விட முடியாது. அது கிராணிகளையும் உத்தியோகஸ்தர்களையும் குறித்தது. அவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள். இந்த இடத்தை நம் மேடைகள் மெதுவாகத் தாண்டிவிடும். வெள்ளைக்காரன் அடித்தான் என்று சொல்லக் கிடைக்கும் கைதட்டல், நம்மவன் அடித்தான் என்று சொன்னால் கிடைக்காது. மலேசிய இந்தியர் என்று எல்லாரையும் ஒரே தலைப்பில் எழுதும் நூல்களில் இந்தக் கோடு மங்கிப்போகிறது. இதில் சுனில் அம்ரித்தின் 'கிராஸிங் த பே ஆஃப் பெங்கால்' (2013) எனக்குப் பிடித்தாலும் கொஞ்சம் தூரத்தில் நிற்கிறது. 1840 முதல் 1940 வரை மலாயாவுக்கு மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் பேர் கடல் கடந்தார்கள் என்று அவர் விரிக்கும் படம் பிரமாண்டமானது. வங்கக் கடலை ஒரே வாழ்விடமாகப் பார்க்கச் சொல்லித் தருகிறார். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கிராணி வீட்டுக்கும் லயத்துக்கும் நடுவில் இருக்கும் வேலி தெரியாது. ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் 2014இல் எழுதிய நூல் இதற்கு நேரெதிர். தோட்டங்கள் விற்கப்பட்டு, கோயில்கள் உடைக்கப்பட்டு, 2007 ஹிண்ட்ராஃப் பேரணிவரை வந்த கோபத்தை லயத்துக்குள் உட்கார்ந்து கேட்டு எழுதியது. கோட்பாட்டு மொழிதான் தொண்டையில் சிக்குகிறது. இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டும்.

இவ்வளவு நேரம் ஆங்கில நூல்களையே பேசிக்கொண்டிருக்கிறேன். தமிழில் என்ன இருக்கிறது? மா. ஜானகிராமன் போன்ற ஓரிருவர் விடாப்பிடியாகத் தொகுத்திருக்கிறார்கள். மற்றபடி நம் வரலாறு நாவலுக்குள் போய்விட்டது. சயாம் ரயில்பாதைக்கு ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. அவசரகாலத்துக்கு ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை', இந்திய தேசிய ராணுவத்துக்கு அவருடைய 'இமையத் தியாகம்'. ஆங்கிலத்தில் ஆய்வேடாக வந்தது தமிழில் கதையாக வந்திருக்கிறது. இதில் கேவலம் ஒன்றும் இல்லை. கோப்புகளை எட்ட முடியாதவனுக்குத் தன் அப்பாவும் தாத்தாவும்தான் ஆவணக் காப்பகம், அங்கிருந்து நாவல்தான் எழுத முடியும். சிக்கல் என்னவென்றால், நாவலை வரலாறாகவும் வரலாற்றை வாழ்த்துரையாகவும் படிக்கப் பழகிவிட்டோம். ஒரு தமிழ் வரலாற்று நூல் வந்தால் இதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்கும் மதிப்புரை வருவதில்லை. கேட்டால் எழுதியவருக்குக் கோபம் வருகிறது. ஒரு முறை அப்படிக் கேட்டு ஒரு நட்பை இழந்திருக்கிறேன். அதனால் அடுத்த நூலும் முந்தைய நூலைப் பார்த்து எழுதப்படுகிறது, அரைப் பக்கம் அரைப் பக்கமாகவே இருக்கிறது.

கிணறு வேறு எங்கேயும் இல்லையா என்றால், இருக்கிறது. 'தமிழ் முரசு' பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. அதே இடத்தில் அன்றைய 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' இதழ்களும் இருக்கின்றன. ஒரே வாரத்து இரண்டு பத்திரிகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை, தமிழும் ஆங்கிலமும் தெரிந்தால் போதும். அது நமக்குத் தெரியும். காலனிக் கோப்புகளைக் கரைத்துக் குடித்த பேராசிரியர்கள் பலருக்குத் தமிழ் தெரியாது. கோயில் கும்பாபிஷேக மலர்கள், தோட்டப் பள்ளிகளின் பொன்விழா மலர்கள், சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகள் என்று இன்னும் இருக்கின்றன. காப்பாரிலும் கிள்ளானிலும் தோட்டங்கள் தாமான்களாக மாறியபோது இவற்றில் எவ்வளவு குப்பை லாரியில் போனது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. நாதன் வேலை பார்த்த பத்திரிகை அது. 1941இன் முதல் ஐந்து மாத இதழ்களைப் படித்துவிட்டு எழுதப்பட்ட ஒரு கிள்ளான் வரலாற்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து வடையும் தேநீரும் எடுத்துக்கொண்டு நின்றபோது அந்தப் பெரியவரிடம் கேட்டேன், உங்கப்பா அந்த ஸ்டிரைக்கில் இருந்தாரா என்று.

"இருந்தாரு. எங்கம்மாவும் இருந்தாங்க."

"அம்மா என்ன செஞ்சாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அத யாரும் கேட்டதில்ல தம்பி. நானும் கேக்கல."